வௌவால் கடித்த பழமும் மையவாடிப் புளியமரமும்



சென்ற மாதம் ஜும்ஆவுக்குப் பிறகு நடந்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வந்தது. நம் மையவாடியின் தெற்கு மூலையில் இருக்கும் பழைய புளியமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தொங்குவது எல்லோருக்கும் தெரியும். "கேரளாவில் வௌவாலால் நிபா வந்து ஆட்கள் இறக்கிறார்கள். மதரஸா பிள்ளைகள் பக்கத்திலேயே விளையாடுகிறார்கள். மரத்தை வெட்டிவிடுங்கள். முடியாவிட்டால் வெடி போட்டாவது விரட்டுங்கள்" என்று சில சகோதரர்கள் கேட்டார்கள். அவர்களில் ஒருவருடைய மகன் மலப்புரத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். அவர் முகத்தில் இருந்த கவலை உண்மையானது.

அதே கூட்டத்தில் இன்னொரு பெரியவர் வேறு மாதிரி சொன்னார். "பாய், அது பன்றியால் வருகிற நோய். மலேசியாவில் நான் இருந்தபோதே பார்த்தேன். நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மரத்தைத் தொடாதீர்கள்."

மரத்தை வெட்ட வேண்டாம் என்றே குழு முடிவு செய்திருக்கிறது. ஆனால் பெரியவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. ஒருவர் அளவுக்கு மீறிப் பயந்தார், மற்றவர் தேவையான பயமும் இல்லாமல் இருந்தார். இரண்டுமே நம் குடும்பங்களுக்குக் கெடுதல். அதனால் விஷயத்தை முழுமையாக எழுதும்படி குழு என்னைக் கேட்டுக்கொண்டது. நான் மருத்துவன் அல்ல. வெளிவந்திருக்கும் மருத்துவச் செய்திகளைப் படித்து, உறுதியானதை மட்டும் இங்கே தருகிறேன்.

மலேசியாவில் நடந்தது

நம் பகுதியிலிருந்து மலேசியாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் பலருக்கு 1998, 1999 ஆண்டுகள் நினைவிருக்கும். ஈப்போ அருகே பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடுமையான காய்ச்சலும் தலைவலியும் வந்து, நினைவு தப்பி, பலர் இறந்தார்கள். கொசுவால் பரவும் மூளைக்காய்ச்சல் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. கொசு குழந்தையையும் கடிக்கும், பெரியவரையும் கடிக்கும். ஆனால் இந்த நோயோ பன்றிகளைக் கையால் தொட்டு வேலை செய்த பெரியவர்களையே அதிகம் தாக்கியது. அங்கேதான் சந்தேகம் வந்தது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுவா காவ் பிங் என்ற மருத்துவ ஆய்வாளர், நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியில் அதுவரை அறியப்படாத ஒரு வைரஸைக் கண்டார். நோயாளியின் ஊரான சுங்கை நிபா என்ற கிராமத்தின் பெயரே நோய்க்கும் பெயராயிற்று. மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத்தில் வேலை செய்த 11 பேருக்கும் தொற்றி ஒருவர் இறந்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பண்ணை நடத்தியவர்களின் பிழைப்பு ஒரே ஆண்டில் போயிற்று.

பன்றிக்கு எங்கிருந்து வந்தது? பண்ணைகளை ஒட்டி மாமரங்களும் வேறு பழமரங்களும் இருந்தன. இரவில் பழந்தின்னி வௌவால்கள் அங்கே வந்தன. அவை கடித்துப் போட்ட பழமும், அவற்றின் எச்சிலும் சிறுநீரும் தொழுவத்தில் விழுந்தன. பன்றி அதைத் தின்றது. பன்றிக்குள் வைரஸ் பெருகி, பன்றியைப் பராமரித்த மனிதனுக்கு வந்தது. வௌவாலுக்கு அந்த வைரஸால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. மிக நீண்ட காலமாக அதன் உடலோடு ஒத்துப்போய்விட்ட கிருமி அது. புதிதாக வேறொரு உடலுக்குள் போகும்போதுதான் உயிரை எடுக்கிறது.

நம் பெரியவர் பார்த்தது உண்மைதான். ஆனால் அவர் பார்த்தது கதையின் பாதி மட்டுமே.

பன்றி இல்லாத ஊரில்

2001-இல் வங்கதேசத்தின் மெஹர்பூர் மாவட்டத்தில் இதே நோய் வந்தது. பெரும்பான்மையினர் முஸ்லிம்களாக உள்ள நாடு. அங்கே நோய் வந்த வீடுகளில் பன்றி இல்லை. பிறகு எப்படி வந்தது?

குளிர்காலத்தில் அங்கே ஈச்ச மரத்தைச் சீவி, இரவு முழுவதும் பானையில் சாறு இறக்குவார்கள். நம் ஊரில் பனையில் பதநீர் இறக்குவது போல. விடியற்காலையில் அதைக் காய்ச்சாமல் அப்படியே குடிப்பது அவர்களுக்கு விருப்பம். ஆய்வாளர்கள் இரவில் படம் பிடிக்கும் கேமராக்களை மரத்தில் பொருத்திப் பார்த்தபோது, வௌவால்கள் வந்து சீவிய இடத்தில் வழியும் சாற்றை நக்குவதும், பானை மேலேயே சிறுநீர் கழிப்பதும் தெரிந்தது. காலையில் அந்தச் சாறு குடும்பம் முழுவதற்கும் போகிறது. அன்று முதல் இன்றுவரை அந்த நாட்டில் 300-க்கும் மேற்பட்டோருக்கு நிபா வந்திருக்கிறது. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் பிழைக்கவில்லை.

இதற்கு அங்கே சொல்லிக்கொடுத்த வழி பெரிய செலவு பிடிப்பது அல்ல. மூங்கிலில் தட்டி முடைந்து, சீவிய இடத்தையும் பானையின் வாயையும் மூடிக் கட்டினார்கள். வௌவால் அண்ட முடியவில்லை. சாற்றைக் காய்ச்சி வெல்லமாக்கினால் கிருமி செத்துவிடும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள்.

இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படியும், தண்ணீர்ப் பைகளின் வாயைக் கட்டி வைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸ் முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. மதரஸாவில் ஓதிய காலத்தில் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவன் நான். வங்கதேசச் செய்தியைப் படித்தபோதுதான் அந்த ஹதீஸின் முன் நின்று யோசித்தேன். நம் உம்மாமார்கள் இரவில் சோற்றுப் பானையையும் தண்ணீர்க் குடத்தையும் மூடாமல் படுக்க மாட்டார்கள். நாம்தான் விட்டுவிட்டோம்.

கேரளாவில் நடந்தது

2018 மே மாதம், கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா அருகே சங்கரோத் என்ற ஊரில், நம்மைப் போன்ற ஒரு முஸ்லிம் குடும்பத்து இளைஞருக்குக் காய்ச்சல் வந்தது. அவர் இறந்த சில நாட்களில் அவருடைய சகோதரர், தந்தை, தந்தையின் உறவுப் பெண் ஒருவர் என்று அடுத்தடுத்து அதே குடும்பத்தில் நால்வர் மரணித்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இரண்டாவது ஆளின் அறிகுறிகளைப் பார்த்துக் கோழிக்கோடு மருத்துவர்கள் சந்தேகப்பட்டு மணிப்பால் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினார்கள். பிறகு புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் நிபா என்று உறுதி செய்தது. அந்த ஆண்டு அரசுக் கணக்கில் 17 உயிர்கள் போயின.

அந்தக் குடும்பத்தின் கிணற்றில் வௌவால்கள் இருந்தன என்று முதலில் அவற்றைப் பிடித்துச் சோதித்தார்கள். அவை பூச்சி தின்னும் சிறிய வௌவால்கள். அவற்றில் வைரஸ் இல்லை. பிறகு அந்த வட்டாரத்தில் மரங்களில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்களைச் சோதித்தபோது சிலவற்றில் வைரஸ் இருந்தது. முதல் நோயாளிக்கு அது எந்த வழியாக வந்தது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை.

ஆனால் மற்றவர்களுக்கு எப்படி வந்தது என்பது நன்றாகத் தெரியும். அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். முதல் ஆளைத் தவிர ஏறக்குறைய எல்லோருக்கும் மனிதரிடமிருந்தே தொற்றியது. அதுவும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில். நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்தவர்கள், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு வெளியே வராந்தாவில் காத்திருந்தவர்கள், இருமலும் வாந்தியும் எடுத்த நோயாளியைத் துடைத்துவிட்டவர்கள். பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி இரண்டு சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்துபோனார். அதன் பிறகும் அந்த மருத்துவமனைச் செவிலியர்களை ஆட்டோவில் ஏற்றத் தயங்கினார்கள் என்று செய்தி வந்தது. அது நம்மில் யாரும் செய்யக்கூடாத காரியம்.

அதன் பிறகு 2019-இல் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு வந்து அவர் பிழைத்தார். 2021 செப்டம்பரில் கோழிக்கோடு மாவட்டத்தில் 12 வயதுச் சிறுவன் இறந்தான். 2023-இல் கோழிக்கோட்டில் ஆறு பேருக்கு வந்து இருவர் இறந்தார்கள். 2024-இல் மலப்புரத்தில் இருவர் இறந்தார்கள். 2025-இலும் மலப்புரம், பாலக்காடு மாவட்டங்களில் வந்தது. ஒன்றைக் கவனியுங்கள். 2018-இல் 17 பேர் போனார்கள். பிறகு வந்தபோதெல்லாம் ஓரிருவரோடு நின்றது. வைரஸ் பலவீனமாகிவிடவில்லை. ஆட்கள் விழித்துக்கொண்டார்கள். நோயாளியை உடனே தனியாக வைத்தார்கள், அவரோடு பழகியவர்களைத் தேடிக் கண்டுபிடித்து வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள், அவர்களும் இருந்தார்கள்.

நம் பக்கம் எப்படி?

கேரளாவில் கண்டது போன்ற நிபா பரவல் தமிழ்நாட்டில் ஏற்பட்டதில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் புனே நிறுவனம் நாடெங்கும் பழந்தின்னி வௌவால்களைச் சோதித்தபோது, தமிழ்நாட்டையும் சேர்த்து ஒன்பது மாநிலங்களிலும் புதுச்சேரியிலும் இந்த வைரஸ் வௌவால்களிடையே புழங்கியதற்கான அடையாளம் கிடைத்தது. அதாவது கிருமி நம் எல்லைக்கு அப்பால் மட்டும் இருப்பது அல்ல. அது வௌவாலிடமே இருக்கும்வரை நமக்குக் கேடில்லை. வௌவாலின் எச்சில் நம் வாய்க்கு வரும் வழிகளை அடைப்பதுதான் நம் வேலை.

நம் பகுதியில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளிலும், பாழடைந்த மண்டபங்களிலும் கூட்டமாக இருப்பவை பெரும்பாலும் பூச்சி தின்னும் சிறு வௌவால்கள். நிபாவோடு தொடர்புபடுத்தப்படுவது, நரி போன்ற முகமும் செம்பழுப்பு உடலும் கொண்டு, பெரிய மரங்களில் பகலில் தலைகீழாகத் தொங்கும் பெரிய வௌவால். நம் புளியமரத்தில் இருப்பது அதுதான். அதற்காகச் சின்ன வௌவாலைக் கையால் பிடிக்கலாம் என்று பொருள் அல்ல. எந்த வௌவாலையும், உயிரோடு இருந்தாலும் செத்துக் கிடந்தாலும், வெறுங்கையால் தொடக்கூடாது.

ஏன் வெட்ட வேண்டாம் என்கிறோம்?

மரத்தை வெட்டினால் வௌவால் செத்துப்போகாது. கலைந்து நாலா திசைக்கும் போகும். இப்போது ஒரே மூலையில் இருப்பது, பிறகு வீட்டுக்கு வீடு மாமரத்திலும் கொய்யாவிலும் போய்த் தங்கும். கலவரப்பட்டு, இரை கிடைக்காமல் அலையும் வௌவால்தான் அதிகமாக வைரஸை வெளியேற்றுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெடி போட்டாலும் இதே கதைதான். விரட்டப் போகிறவர் மேலேயே அதன் சிறுநீர் விழும்.

இன்னொன்று. அல்லாஹ் எதையும் வீணாகப் படைக்கவில்லை. இலுப்பைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதும், பழங்களைத் தின்று விதையை வெகுதூரம் கொண்டுபோய்ப் போடுவதும் இந்த வௌவால்கள்தான். நம் மாவட்டத்திலேயே திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வந்து தங்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். தங்கள் பண்டிகை மகிழ்ச்சியையே விட்டுக்கொடுக்கும் அந்தச் சகோதரர்கள் வாழும் மாவட்டத்தில், நாம் பயத்தால் ஒரு மரத்தை வெட்டி உயிர்களை அலைய விடுவது அழகல்ல.

வௌவால் இறைச்சி ஆஸ்துமாவுக்கு மருந்து என்று சொல்லிக்கொண்டு வேட்டையாடுகிறவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். அது மருந்து அல்ல. அறுப்பவருக்கும் சமைப்பவருக்கும் ஆபத்து. அப்படி யாராவது உங்களிடம் கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

வீட்டிலும் தோட்டத்திலும் செய்ய வேண்டியது

கீழே விழுந்து கிடக்கும் பழத்தில் பல் பட்ட தடமோ கீறலோ இருந்தால் எடுக்காதீர்கள். கடித்த பக்கத்தை வெட்டிவிட்டு மீதியைத் தின்பது நம் பழக்கம். "வௌவால் கடித்த பழம்தான் நல்ல இனிப்பு" என்று நாமே சிறு வயதில் போட்டி போட்டுப் பொறுக்கியிருக்கிறோம். மதரஸா வளாகத்து வாதாம்பழத்தைப் பிள்ளைகள் இன்றும் பொறுக்குகிறார்கள். அதை நிறுத்த வேண்டும். நல்ல பழமாக இருந்தாலும் நன்றாகக் கழுவி, தோல் சீவிச் சாப்பிடுங்கள்.

கடிபட்ட பழத்தை ஆடு மாடுகளுக்கும் போடாதீர்கள். குர்பானிக்காக வீட்டில் ஆடு வளர்ப்பவர்கள் பழமரத்தடியில் கட்ட வேண்டாம், தீவனத் தொட்டியைத் திறந்தவெளியில் மரத்துக்குக் கீழே வைக்க வேண்டாம். மலேசியாவின் பாடம் அதுதான். விழுந்த பழங்களைக் கையுறை போட்டோ மண்வெட்டியாலோ கூட்டி அள்ளிக் குழியில் போட்டு மூடுங்கள்.

பதநீர் வாங்கும்போது, பாளையையும் பானை வாயையும் மூடி இறக்கியதா என்று தெரிந்தவரிடம் கேட்டு வாங்குங்கள். சுண்ணாம்பு தடவியிருப்பதால் கிருமி வராது என்று நம்பிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் காய்ச்சியதைக் குடியுங்கள். கருப்பட்டி, பனங்கற்கண்டு காய்ச்சி எடுப்பவை, அவற்றுக்குப் பயமில்லை. நோன்புக் காலத்தில் இஃப்தாருக்குப் பதநீர் கொடுக்க விரும்பும் சகோதரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கிணற்றுக்கு வலை போடுங்கள், தொட்டிக்கு மூடி போடுங்கள். இந்தக் கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான ஒரு மேலுறை இருக்கிறது. சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும். அதனால் தோட்ட வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது பாதிப் பாதுகாப்பு.

கோழி வளர்க்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. காட்டுப் பறவைகளிடமிருந்து கோழிக்கும் வாத்துக்கும், அவற்றிலிருந்து அபூர்வமாக மனிதருக்கும் வருவது பறவைக் காய்ச்சல். இந்தியாவில் 2006-இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் முதலில் கண்டார்கள். கேரளாவின் குட்டநாட்டில் வாத்து வளர்ப்பவர்கள் இதனால் பலமுறை நொடித்திருக்கிறார்கள். வீட்டில் கோழிகள் திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால், "சாகுமுன் அறுத்துவிடலாம்" என்று கத்தியை எடுக்காதீர்கள். நோய்க்கோழியை அறுத்து, இறகு பிடுங்கும்போதுதான் கிருமி மூக்குக்கும் கண்ணுக்கும் வருகிறது. கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

நோய் விசாரிக்கப் போவது

இந்தப் பகுதியை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் இருக்க முடியாது.

நோயாளியைப் பார்த்து நலம் விசாரிப்பது சுன்னத். நம் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் வேன் பிடித்துப் போகிறோம். கட்டிலைச் சுற்றி நிற்கிறோம். நெற்றியைத் தொட்டுப் பார்த்து துஆ செய்கிறோம். இந்த நல்ல குணமே 2018-இல் கோழிக்கோட்டில் கிருமிக்குப் பாதையாகிவிட்டது.

கொரோனாவின் இரண்டாம் அலை வந்த 2021-இல், என் பெரியம்மா மகன் காய்ச்சலில் படுத்திருந்தபோது, போகாவிட்டால் உறவில் பேச்சு வரும் என்று எண்ணி, வீட்டார் ஐந்து பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு நானே கூட்டிப்போனேன். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினோம். அடுத்த வாரம் இருவர் படுத்தார்கள். ஒருவர் இருபது நாள் ஆக்ஸிஜனில் இருந்துதான் வீடு வந்தார். அவர் பிழைத்தது அல்லாஹ்வின் கிருபை. ஆனால் அவரைக் கூட்டிப்போனது நான். அறக்கட்டளைச் செயலாளர் கூப்பிடுகிறாரே என்றுதான் அவர் வந்தார். இந்தச் சுமை இன்னும் என் மனதில் இருக்கிறது.

நோயுற்ற ஒட்டகங்களை நல்ல ஒட்டகங்களோடு கலக்கக் கூடாது என்ற கருத்தில் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் போக வேண்டாம், அந்த ஊரில் இருப்பவர் அதைவிட்டு ஓடவும் வேண்டாம் என்ற நபிமொழியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். உமர் (ரலி) அவர்கள் சிரியாவுக்குப் புறப்பட்டு ஸர்க் என்ற இடம் வரை வந்தபோது, அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் குறைஷி மூத்தவர்களையும் தனித்தனியே அழைத்து ஆலோசித்தார்கள். கருத்து இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் காய்ந்தும் இருந்தால், பசுமையான பக்கம் ஒட்டகத்தை மேய்ப்பதும் விதிதானே என்று உவமையும் காட்டினார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, மேலே சொன்ன நபிமொழியைத் தாம் கேட்டதாகத் தெரிவித்தபோது உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

எனவே விலகி நிற்பது ஈமான் குறைவு அல்ல. தொற்று என்று மருத்துவர் சொன்ன நோயாளிக்கு ஒரே ஒருவர் துணை இருக்கட்டும். மற்றவர்கள் தொலைபேசியில் ஸலாம் சொல்லுங்கள். அந்த வீட்டுக்குச் சோறும் மளிகையும் வாசல்வரை கொண்டுபோய்க் கொடுங்கள். அதுவும் நோய் விசாரிப்புதான்.

ஜனாஸா பற்றி

நிபாவால் இறந்தவரின் உடலிலிருந்து வெளிப்படும் நீரிலும் கிருமி இருக்கும். கோழிக்கோட்டில் சுகாதாரத்துறை மேற்பார்வையில், நீர் கசியாத உறைகளில் சுற்றி, வழக்கத்தைவிட ஆழமாகத் தோண்டி கண்ணம்பறம்பு கபரஸ்தானில் அடக்கினார்கள். குடும்பத்தினர் தொட்டு முகம் பார்க்க முடியவில்லை. அது எத்தகைய வேதனை என்பது கொரோனா காலத்தில் நாமும் அனுபவித்ததுதான். குளிப்பாட்ட முடியாத நிலையில் என்ன செய்வது என்பதற்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது. அதை நம் ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம். மய்யித் வீட்டு வாசலில் நின்று வாக்குவாதம் செய்யும் நிலை வரக்கூடாது. கொள்ளை நோயில் இறந்த முஃமினுக்கு ஷஹீதின் கூலி உண்டு என்ற நபிமொழி நமக்கு ஆறுதல்.

எப்போது மருத்துவரிடம் போவது?

காய்ச்சல், தலைவலி, உடல்வலி, இருமல், வாந்தி என்றுதான் நிபா தொடங்கும். சாதாரணக் காய்ச்சலும் அப்படித்தான். அதனால் எல்லாக் காய்ச்சலுக்கும் பதற வேண்டாம். காய்ச்சலோடு பேச்சுக் குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் போவது, வலிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை வந்தால் தாமதிக்கக் கூடாது. கிருமி உடலில் புகுந்து பெரும்பாலும் 4 முதல் 14 நாட்களில் நோய் வெளிப்படும். எனவே கேரளாவில் நிபா வந்த ஊரிலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால், எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மறைக்காதீர்கள். இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசியோ மருந்தோ இன்னும் இல்லை. சீக்கிரம் தெரிந்தால்தான் அவரையும் காப்பாற்ற முயல முடியும், வீட்டாரையும் காக்க முடியும். ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108.

குழு எடுத்த முடிவுகள்

புளியமரம் வெட்டப்படாது, வெடியும் போடப்படாது. மரத்தடியைச் சுற்றி முள்வேலி போட்டு, பிள்ளைகள் போகாமல் தடுக்கப்படும். ஜனாஸா தொழுகைக்கு வருவோர் அந்த நிழலில் நிற்பது வழக்கம். இனி வடக்குப் பக்கம் பந்தல் போடப்படும். பள்ளிவாசல் உளூத் தொட்டிக்கும் மதரஸா குடிநீர்த் தொட்டிக்கும் மூடி செய்யக் கொடுத்தாயிற்று. மதரஸா வளாகத்தில் விழும் பழங்களைத் தினமும் காலையில் பணியாளர் அள்ளிப் புதைப்பார். ஜனாஸா குளிப்பாட்டும் ஆண், பெண் குழுவினருக்குக் கையுறையும் முகக்கவசமும் மேலங்கியும் அறக்கட்டளைச் செலவில் வாங்கி வைக்கப்படும். இவற்றுக்கு உதவ விரும்புவோர் அலுவலகத்தில் ரசீது பெற்றுக்கொள்ளலாம்.

மலப்புரத்தில் மகன் இருக்கும் சகோதரரிடம் இந்த முடிவுகளைச் சொன்னேன். மரம் நிற்பதில் அவருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் அன்றிரவே மகனுக்குப் போன் செய்து, கீழே விழுந்த பழத்தைத் தொடாதே, காய்ச்சல் வந்தால் அங்கேயே மருத்துவரைப் பார், மறைத்துக்கொண்டு பஸ் ஏறாதே என்று சொன்னதாகத் தெரிவித்தார். நம் ஊர்ப் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கட்ட வேண்டியதை நாம் கட்டுவோம். காப்பவன் அல்லாஹ். நம் குடும்பங்களையும், நம்மோடு வாழும் எல்லாச் சமுதாய மக்களையும், நோயாளிகளுக்காகத் தம் உயிரைப் பணயம் வைக்கும் மருத்துவர், செவிலியர்களையும் அவன் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்,
மானகிரி